இரும்பிற் பொறித்த ஏடுகள்

தபால் முத்திரை சேகரிப்போரை நாம் அறிவோம். பழைய நாணயங்களைத் தேடித் திரிவோரையும் அறிவோம். செல்லரித்த ஏட்டுச் சுவடிகளை ஊரூராய்ச் சென்று தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, அச்சேற்றித் தந்த பெரியார்களை நன்றியோடு போற்றுகிறோம். ஆனால், மனிதனை மனிதன் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளை ஒருவர் விலை கொடுத்து வாங்கி, எண்ணெய் பூசித் துடைத்து, பேழையில் அடுக்கி வைத்திருக்கிறார் எனக் கேள்வியுற்றால், நம்மிற் பலர் முகஞ் சுளிப்பர். "இதுவும் ஒரு பொழுதுபோக்கா?" என வினவவும் செய்வர்.

அவ்வினா நியாயமானதே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய இராணுவத் துப்பாக்கிகளையும் பொலிஸ் துப்பாக்கிகளையும் சேகரிப்போர் பலர் உளர். அவர்கள் எதைத் தேடுகின்றனர், தேடியதில் எதைக் காண்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம். நோக்கும்போது, மேற்கூறிய வினாவை ஒதுக்கிவிடாது, கையிலே வைத்துக்கொண்டே செல்வோம்.

19074

1914-ஆம் ஆண்டு யூன் மாதம் 28-ஆந் திகதி, பொஸ்னியாவின் தலைநகராகிய சரயேவோவில், ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்துக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டும் அவர் மனைவி சோபியும் திறந்த மோட்டார் வண்டியில் இருந்தவாறே சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் காவ்ரிலோ பிறின்சிப் என்னும் பத்தொன்பது வயது இளைஞன். சரியாக ஒரு மாதங் கழித்து ஒஸ்திரியா சேர்பியாவின் மீது யுத்தப் பிரகடனஞ் செய்தது. அதன் பின் நிகழ்ந்தவற்றைப் பாடசாலைச் சிறுவரும் அறிவர்.

பிறின்சிப்பின் கையிலிருந்த கருவி பெல்ஜிய நாட்டிலே செய்யப்பட்டது. லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்டால் என்னும் ஊரில் 1889-இல் தொடங்கப்பட்ட எவ். என். தொழிற்சாலையே அதன் பிறப்பிடம். அதனை வகுத்தவர் ஜோன் பிறவுணிங் என்னும் அமெரிக்கர். துப்பாக்கி செய்வோர் குடும்பத்தில் உதித்தவர். 1926-இல் எர்ஸ்டால் தொழிற்சாலையிலேயே உயிர் நீத்தவர். 1910-ஆம் ஆண்டு மாதிரி என வழங்கிய அத்துப்பாக்கி சட்டைப் பைக்குள் அடங்குவது. கடையிற் பகிரங்கமாக விற்கப்பட்ட சாதாரண சரக்கு. சதிகாரர் கொண்டு சென்ற துப்பாக்கிகள் நான்கு. அவற்றிற் பொறிக்கப்பட்டிருந்த தொடரிலக்கங்களை வழக்கின் பதிவுகள் குறித்து வைத்தன. அவற்றுள் 19074 என்பதே பிறின்சிப் ஏந்தியதெனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

உயிர் பிரியும் வேளையில் அத்தம்பதியர்க்கு அவஸ்தைபூசுதல் அளித்த அன்ரன் புந்திகாம் என்னும் இயேசு சபைக் குருவானவரிடம், வழக்கு முடிந்தபின் அத்துப்பாக்கி வந்து சேர்ந்தது. இளவரசரின் நினைவாக ஒரு காட்சிச்சாலை அமைக்க வேண்டுமென்பது அவர் எண்ணம். யுத்தம் பேரரசையே விழுங்கிவிட்டது, எண்ணம் நிறைவேறவில்லை. 1926-இல் அவர் இறந்தபின், ஒஸ்திரியாவிலுள்ள இயேசு சபையாரிடமே அப்பொருள்கள் உறங்கிக் கிடந்தன. 2004-ஆம் ஆண்டிலேதான் அவை வியன்னாவிலுள்ள இராணுவ வரலாற்று நூதனசாலைக்கு அளிக்கப்பட்டன.

அதுவரை எத்தனையோ நூல்கள் அந்தத் துப்பாக்கியை 1900-ஆம் ஆண்டு மாதிரியென்றும், அதன் ரவை 7.65 மில்லிமீற்றர் அளவினதென்றும் எழுதி வந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தெழுதியதன் விளைவு அது. உண்மையில் அது 1910-ஆம் ஆண்டு மாதிரி; அதன் ரவை ஒன்பது மில்லிமீற்றர்க் குறுரவை. ஏட்டிலே நேர்ந்த பிழையை இரும்பிலே பொறித்த இலக்கம் திருத்திற்று.

சேகரிப்போரின் ஆசை இவ்விடத்திலேதான் பிறக்கிறது. 19074-க்கு முன் பிறந்த 19073 யாரோ ஒரு வணிகரின் மேசையறையில் ஒரு முறையேனும் வெடியாமற் கிடந்து துருவேறியிருக்கலாம். உருவத்தில் இரண்டும் ஒன்றே. ஒன்றை வரலாற்றில் நிறுத்தியதும் மற்றதை மறதியில் ஆழ்த்தியதும் இரும்பன்று. அதனை ஏந்திய கை. அந்தக் கையை அறிவதற்கு எஞ்சியுள்ள ஒரே சாட்சி சில எழுத்துக்களும் இலக்கங்களுமே. கல்வெட்டாராய்ச்சியாளர் சிதைந்த கல்லின் முன் குந்தியிருந்து எழுத்துக் கூட்டுவதைப் போன்றே, சேகரிப்போரும் உருப்பெருக்கிக் கண்ணாடியுங் கையுமாக அமர்ந்திருக்கின்றனர்.

முடியும் கழுகும்

இவ்வாறு வாசித்தற்குரிய பொறிப்புக்கள் மலிந்தது ஜேர்மனியின் லூகர் என்னும் கைத்துப்பாக்கி. 1893-இல் ஹியூகோ போர்ஷாட் என்பவர் தானாக ரவையேற்றிக் கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றை ஆக்கினார். அது நன்கு வேலை செய்ததாயினும் பருத்துக் கனத்துக் கைக்கு அடங்காதிருந்தது. ஒஸ்திரியரான ஜோர்ஜ் லூகர் அதனைச் செப்பமுறத் திருத்தினார். சுவிற்சர்லாந்து 1900-இலும், ஜேர்மன் கடற்படை 1904-இலும், தரைப்படை 1908-இலும் அதனை ஏற்றுக்கொண்டன. சுடுந்தோறும் அதன் முதுகிலுள்ள மூட்டொன்று முழங்கால் மடங்குவது போல மேனோக்கி மடங்கி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த ரவையை உள்ளே தள்ளி, மீண்டும் நிமிர்கிறது. இதற்கு வழங்கிய பரபெல்லம் என்னும் வணிகப் பெயர், சமாதானத்தை விரும்புவோன் யுத்தத்துக்கு ஆயத்தமாகுக எனப் பொருள்படும் இலத்தீன் பழமொழியிலிருந்து எடுக்கப்பட்டது.

அம்மூட்டின் மேற்புறத்திற் செய்தோர் அடையாளம் காணப்படும்: பேர்லினிலிருந்த தனியார் கொம்பனியின் பின்னிய எழுத்துக்கள் அல்லது எர்பூட் நகரிலிருந்த அரசாங்க ஆயுதசாலையின் மணிமுடி. ரவையறையின் மேல் ஆண்டு. பக்கங்களிற் பரிசோதகர்களின் சிறு முத்திரைகள். மன்னராட்சி நிலவிய காலத்து முத்திரைகளில் எழுத்தின் மேல் முடியொன்று வீற்றிருக்கும். 1918-இல் மன்னர் முடி துறந்து ஒல்லாந்துக்கு ஓடியபின் அம்முடி இரும்பிலிருந்தும் மறைகிறது; அதன் இடத்திற் குடியரசின் கழுகு வந்தமர்கிறது. ஓர் அரசின் வீழ்ச்சியை நெல்மணி அளவினதாகிய இந்தப் பொறிப்பிற் காணலாம்.

சில துப்பாக்கிகளில் ஆண்டு இரு முறை பொறிக்கப்பட்டிருக்கும். கீழே 1916 அல்லது 1917. அதன் மேலே 1920. புதிதாகப் பார்ப்போருக்கு இது புதிராகத் தோன்றும். 1919-இல் எழுதப்பட்ட வெர்சேய் உடன்படிக்கை ஜேர்மன் தரைப்படையை ஓரிலட்சம் பேராகக் குறைத்தது. கலைந்து சென்ற சிப்பாய்கள் பலர் தத்தம் ஆயுதங்களையும் வீட்டுக்குக் கொண்டு சென்றிருந்தனர். வீதிகளிலே புரட்சியும் எதிர்ப் புரட்சியும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. நாட்டிற் சிதறிக் கிடந்த ஆயுதங்களை மீளப் பெற முனைந்த அரசாங்கம், தனக்குரியது எது, தனியாரிடம் களவாய்த் தங்கியது எது எனப் பிரித்தறிய, தன் கையிலிருந்தவற்றில் 1920 எனப் பொறித்தது. தன் சொந்தக் குடிகளுக்கே அஞ்சிய ஓர் அரசின் நடுக்கம் அந்த நான்கு இலக்கங்களில் உறைந்திருக்கிறது.

லூகரின் சிறு பாகங்களிலும், அதாவது விசை, ஆணி, தகடு ஆகியவற்றிலும், தொடரிலக்கத்தின் கடைசி இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பாகங்கள் கையால் அராவிப் பொருத்தப்பட்டமையால், துடைப்பதற்குக் கழற்றிய சிப்பாய் ஒன்றன் பாகத்தை மற்றொன்றில் மாட்டிவிடக் கூடாதென்பதற்கான ஏற்பாடு அது. ரவைக்கூட்டின் அடிப்பாகத்திலும் இலக்கம் உண்டு. இரண்டாவது கூட்டில் அவ்விலக்கத்துடன் ஒரு சிலுவைக் குறியும் இருக்கும். எல்லா இலக்கங்களும் ஒத்திருக்கும் துப்பாக்கிக்கு விலை அதிகம். ஒன்றேனும் மாறின் விலை வீழ்ந்துவிடும். ஆயினும், மாறிய பாகத்தையும் வெறுக்காத சேகரிப்பாளர் உளர். போர்க்களத்து நீண்டகுழியிலே, சேற்றின் நடுவே, இறந்தவனின் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பாகத்தை உயிரோடிருந்தவன் தன்னுடையதிற் பொருத்தியிருக்கலாம் அன்றோ? பொருந்தாத இலக்கமும் ஒரு செய்தியைக் கூறுகிறது என்பர் அவர்.

பொலிசாரின் துப்பாக்கி

இராணுவத் துப்பாக்கி களத்துக்கு உரியது. பொலிஸ் துப்பாக்கியோ நகரத்து வீதியிலே, மக்களின் நடுவே, நாள் முழுவதும் இடுப்பிற் கிடப்பது. ஆதலால் அதன் தேவை வேறு. அதன் அடையாளமும் வேறு.

ஜேர்மன் பொலிசாரிடமிருந்த லூகர்களின் பிடியிலே, எந்தப் பிரிவு, எந்த ஊர், எத்தனையாவது ஆயுதம் என்பவற்றைக் குறிக்கும் எழுத்துக்களும் இலக்கங்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1930-களில் அவற்றுட் பலவற்றின் இடப்புறத் தகட்டின் மேல் மெல்லிய எஃகுப் பட்டையொன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதற்கொரு காரணம் உண்டு. லூகரின் பக்கத் தகட்டைக் கழற்றிய பின்னரும் ரவையறையில் ரவையொன்று தங்கியிருக்கக்கூடும். வெளித் தெரியும் விசைக்கோலில் விரல் அழுந்தினால் அது வெடித்துவிடும். துடைப்பதற்காகக் கழற்றுகையில் நேரக்கூடிய அவ்விபத்தைத் தடுக்கவே அப்பட்டை. இராணுவம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பொலிஸ் நிலையத்து மேசையின் முன்னிருந்து துப்பாக்கி துடைக்கும் ஒருவனின் உயிரைக் கருதி யாரோ ஒருவர் சிந்தித்திருக்கிறார். கொல்லுங் கருவியிலே காப்பதற்கெனச் சேர்க்கப்பட்ட இச்சிறு பட்டையைச் சேகரிப்போர் விருப்பத்தோடு சுட்டிக்காட்டுவர்.

துரிஞ்சியா மாகாணத்துச் செல்லா-மேலிஸ் என்னும் ஊரிலிருந்த வால்தர் கொம்பனி 1929-இல் வெளியிட்ட கைத்துப்பாக்கியின் பெயரே பொலிஸ் துப்பாக்கி என்பதுதான். அச்சொல்லின் ஜேர்மன் வடிவத்தைச் சுருக்கி 'பீ. பீ.' என்பர். அதனிலுங் குறுகியது 1931-இல் வந்தது. ரவையேற்றிய நிலையிலும் அபாயமின்றி உறையிலிட்டுத் திரியலாம். வேண்டியபோது விசையை ஒரே இழுப்பாக இழுத்தாற் போதும். வீதியிற் காவல் செய்வோர் வேண்டியது அதுவே. இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின்னரும் மேற்கு ஜேர்மன் பொலிசார் பலர் இவ்வகையையே கொண்டிருந்தனர். 1970-களிற் பயங்கரவாதச் செயல்கள் பெருகியபோது, 7.65 மில்லிமீற்றர் ரவை போதாதெனக் கருதி, ஒன்பது மில்லிமீற்றர் ரவையைச் சுடும் புதிய துப்பாக்கிகளை வாங்கினர். கழிக்கப்பட்ட பழையன சந்தைக்கு வந்தன. பல சேகரிப்புக்களின் தொடக்கம் இத்தகைய கழிவுப் பொருள்களே.

வேறொரு வழியும் உண்டு. 1945-இல் ஐரோப்பாவிலிருந்து தாயகம் மீண்ட அமெரிக்கச் சிப்பாய்கள், மேலதிகாரி கையொப்பமிட்ட சிறு துண்டுச் சீட்டுடன், பகைவரிடம் கைப்பற்றிய துப்பாக்கிகளைக் கொண்டு சென்றனர். அச்சிப்பாய்கள் முதுமையெய்தி மறைந்தபின், பிள்ளைகள் பெட்டியைத் திறந்து பார்க்கின்றனர். துப்பாக்கி இருக்கிறது, தந்தையார் அதைப் பற்றி ஒரு நாளேனும் வாய் திறந்ததில்லை. துண்டுச் சீட்டு எஞ்சியிருந்தால் அது துப்பாக்கியிலும் பெறுமதி உடையதாகிவிடுகிறது.

பெயரை மறைத்த எழுத்துக்கள்

1934-ஆம் ஆண்டுமுதல் ஜேர்மன் துப்பாக்கிகளில் விந்தையானதொரு மாற்றம் நிகழ்கிறது. ஒபேர்ண்டோர்வ் நகரத்து மௌசர் தொழிற்சாலை தன் பெயரைப் பொறிக்காது 'எஸ் 42' என்னும் குறியையும், ஆண்டுக்குப் பதிலாக 'கே' என்னும் எழுத்தையும் பொறித்தது. அடுத்த ஆண்டுக்குரிய எழுத்து 'ஜீ'. தடைசெய்யப்பட்ட ஆயுதப் பெருக்கத்தைப் பிற நாட்டார் கணக்கிடாதிருக்கச் செய்த உபாயம் அது. 1936-இல் ஆண்டு வெளிப்படையாகிறது. மறைக்க வேண்டிய அவசியம் நீங்கிவிட்டது போலும். யுத்த காலத்தில் எல்லாத் தொழிற்சாலைகளும் எழுத்துக் குறிகளாயின. 'பி. வை. எவ்.' என்றால் மௌசர், 'ஏ. சி.' என்றால் வால்தர். அக்குறிகளைச் சேகரிப்போர் நாம் நெடுங்கணக்கைச் சொல்வது போல மனப்பாடமாகச் சொல்வர்.

பிறவுணிங் தொடங்கிவைத்து, அவர் மறைவின்பின் தியுடொனே செவ் என்னும் பெல்ஜியர் நிறைவேற்றிய கைத்துப்பாக்கியொன்று 1935-இல் வெளிவந்தது. பதின்மூன்று ரவைகள் கொள்ளும் அதனை, 1940-இல் பெல்ஜியம் வீழ்ந்தபின், ஜேர்மனியர் எர்ஸ்டாலிலேயே தம் படைக்கெனச் செய்வித்தனர். செவ் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். அதே துப்பாக்கி கனடாவின் ரொறன்ரோ நகரில் நேச நாட்டுப் படைகளுக்கெனச் செய்யப்பட்டது. சீனாவுக்கென ஆக்கியவற்றிற் சீன எழுத்துக்கள் பொறிக்கப்பட்டன. ஒன்றில் ஜேர்மன் கழுகு. மற்றொன்றிற் சீன எழுத்து. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எதிரெதிர் அணியில் நின்ற கதை நமக்குப் புதிதன்று. சேகரிப்பாளரின் பேழையில் அவை இரண்டும் அருகருகே கிடக்கின்றன.

றாடொம் நகரத் தொழிலாளர்

இனி, இக்கட்டுரைக்கு உயிர்நாடியான செய்திக்கு வருவோம்.

போலந்து நாட்டின் றாடொம் நகரத்து ஆயுதத் தொழிற்சாலை, யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில் விஸ் என்னும் கைத்துப்பாக்கியைச் செய்தது. அதனை வகுத்தவர்கள் பியொற்றர் வில்னியெவ்சிச், யான் ஸ்கிஷிபின்ஸ்கி என்னும் இருவர். விஸ் என்பது இலத்தீனில் வலிமை எனப் பொருள்படும். இருவர் பெயரின் முதலெழுத்துக்களும் அதனுள் ஒளிந்திருக்கின்றன. பக்கத்திலே போலந்தின் முடி சூடிய கழுகு, தொழிற்சாலையின் பெயர், ஆண்டு; கண்ணாடி போன்ற மெருகு. சுதந்திரம் பெற்று இருபது ஆண்டுகளே ஆன ஒரு நாடு, தன் கையால் தனக்கென ஒன்றைச் செய்த பெருமிதம் அதிற் பொலிந்தது.

1939 செப்ரெம்பரில் நாடு வீழ்ந்தது. தொழிற்சாலை ஒஸ்திரியாவின் ஸ்ரையர் கொம்பனியின் பொறுப்பில் விடப்பட்டு, ஜேர்மன் படைக்கென விஸ் துப்பாக்கியையே மீண்டும் செய்யலாயிற்று. கழுகு அகற்றப்பட்டது. யுத்தத்துக்கு முன் செய்யப்பட்டவை ஐம்பதினாயிரத்துக்கும் குறைவு. ஆக்கிரமிப்புக் காலத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேல். யுத்தம் நீள நீள அதன் உருவம் மெலிந்தது. முதலிற் பிடியின் பின்புறத்துப் பள்ளம் கைவிடப்பட்டது; பின்னர் கழற்றுவதற்கு உதவிய நெம்பொன்று கைவிடப்பட்டது; இறுதியிற் பிடியின் இருபுறமும் வெறும் மரத் துண்டுகள். மெருகு போய் அரத்தின் வரிகள் அப்படியே தெரிந்தன. ஒரு பேரரசு மூச்சிரைத்து விழும் வரலாற்றை, ஆறேழு விஸ் துப்பாக்கிகளை ஆண்டு முறையில் வரிசையாக வைத்துக் காட்டிவிடலாம். சேகரிப்போர் அவ்வாறே காட்டுகின்றனர். முடி சூடிய கழுகுடைய பழைய விஸ்ஸுக்குப் பன்மடங்கு விலை தருகின்றனர்.

ஆனால், எந்தப் பொறிப்பும் கூறாத கதையொன்று அவ்விரும்புக்குள் இருக்கிறது. பகைவனுக்கு ஆயுதஞ் செய்ய நேர்ந்த றாடொம் தொழிலாளர், மேற்பார்வையாளரின் கண்ணில் மண் தூவி, கணக்கிலேறாத பாகங்களை ஒவ்வொன்றாக வெளியே கடத்தினர். ஒரு நாள் ஒரு விசை. மற்றொரு நாள் ஒரு சுருள்வில். அவை போலந்தின் தலைமறைவுப் படையைச் சேர்ந்து முழுத் துப்பாக்கிகளாயின. றாடொமில் முழுத் துப்பாக்கி உருவாகாதிருக்கும் பொருட்டு ஜேர்மனியர் குழல்களை ஒஸ்திரியாவிற் செய்வித்தனர். போராளிகளோ குழல்களையும் மறைவிற் செய்துகொண்டனர். போராளிகளிடம் அகப்பட்ட துப்பாக்கிகள் இறுதியிலே தொழிற்சாலையைக் காட்டிக்கொடுத்தன. 1942 ஒக்டோபரில், தொழிற்சாலையைச் சார்ந்தோர் உட்படப் பலர் றாடொமிலும் அதன் அயலிலும் பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, அந்நகரத்து யூதர் பல்லாயிரவர் திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். எஞ்சியோருள் ஒரு பகுதியினர் முகாமில் அடைக்கப்பட்டு அதே தொழிற்சாலையில் வேலை வாங்கப்பட்டனர். ஸ்ரையர் கொம்பனி ஒஸ்திரியாவில் மௌதவுசன் முகாமின் கைதிகளையும் வேலை வாங்கியது.

இவர்களுள் எவருடைய பெயரும் எந்தத் துப்பாக்கியிலும் பொறிக்கப்படவில்லை. பரிசோதகரின் இலக்கம் இருக்கிறது. படைப்பிரிவின் இலக்கம் இருக்கிறது. கொம்பனியின் குறி இருக்கிறது. அராவிய கைக்கு அடையாளம் இல்லை. பொறிப்புக்களை வாசிக்கக் கற்றவர் இதையும் வாசிக்கக் கற்க வேண்டும். உடைமையாளர் எழுதிவைத்ததை மட்டும் படித்துவிட்டு வரலாற்றை அறிந்தேன் என்பவர், கோயிற் கல்வெட்டிலே மன்னனின் மெய்க்கீர்த்தியைப் படித்துவிட்டுக் கல் சுமந்தவனை மறந்தவர் போன்றவரே.

போலிகளும் புதுமெருகும்

விலை ஏறிய எதற்கும் போலி தோன்றும். சாதாரண லூகரில் அரிய ஆண்டைப் பொறிப்பர். பொருந்தாத இலக்கத்தை அராவியழித்துப் பொருந்தும் இலக்கத்தை அடிப்பர். அனுபவமுடையோர் எழுத்தின் வடிவத்தையும் ஆழத்தையும் கொண்டு கள்ளத்தைக் கண்டுபிடிப்பர். நீலமேற்றிய பின்னர் அடிக்கப்பட்ட முத்திரையைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையமொன்று தோன்றும். புதிதாக நீலமேற்றினால் அது மறைந்துவிடும். பழைய லூகரின் விசை முதலிய சிறு பாகங்கள் தீயில் வாட்டப்பட்டு வைக்கோல் நிறங் கொண்டிருக்கும். அந்நிறத்தையும் போலியாக ஏற்றுவோர் உளர்.

போலி செய்யாது, அழகுக்கென மெருகிடுவோரும் அதே தீங்கைச் செய்கின்றனர். தேய்த்துத் தேய்த்து மினுக்குகையில் எழுத்தின் விளிம்பு மழுங்குகிறது. உறையில் நாள்தோறும் உராய்ந்து வெளுத்த முனையும், கைவியர்வையாற் கருகிய பிடியும் அக்கருவியின் வாழ்க்கைக் குறிப்புக்கள். அவற்றை அழிப்பது, சுவடியை வெண்மையாக்குவதற்கென எழுத்தைக் கழுவுவது போன்றது.

கையில் வைத்திருந்த வினா

இப்பொழுது, தொடக்கத்திற் கையிலே வைத்துக்கொண்ட வினாவைத் திறந்து பார்க்க வேண்டிய இடம் வந்துவிட்டது. சுவடி யாரையுங் கொல்வதில்லை. துப்பாக்கி கொல்லும்; நூறாண்டு கடந்த பின்னும், எண்ணெயிட்டுக் காத்திருந்தால், கொல்லும்.

1996-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13-ஆந் திகதி, ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் என்னும் ஊரில், ஆரம்பப் பாடசாலையொன்றின் உடற்பயிற்சி மண்டபத்துள் ஒருவன் புகுந்து பதினாறு குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவனிடமிருந்தவை அனுமதிப்பத்திரம் பெற்ற கைத்துப்பாக்கிகள். அவற்றுட் பிறவுணிங் தொடங்கிச் செவ் முடித்த அந்த மாதிரியும் இருந்தது. நாடு கொதித்தெழுந்தது. 1997-இல் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் பிரித்தானியாவிலே தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்தன.

ஆயினும் அச்சட்டம் வரலாற்றை முற்றாக மறந்துவிடவில்லை. 1919-க்கு முன் செய்யப்பட்டு, எளிதிற் கிடையாத ரவையைச் சுடும் துப்பாக்கிகளைச் சேகரிப்பாளர் அனுமதிப்பத்திரத்துடன் வீட்டில் வைத்திருக்கலாம். அதன் பின்னர் வந்தவற்றுள் வரலாற்றுச் சிறப்புடையனவற்றைக் குறிக்கப்பட்ட சில பாதுகாப்பான இடங்களில் மட்டுமே வைத்திருக்கலாம். உடையவரும் அங்கே சென்றே காண வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ, 2015-இல் நிகழ்ந்த பாரிஸ் தாக்குதல்களின் பின், துப்பாக்கிகளைச் செயலிழக்கச் செய்யும் முறையைக் கடுமையாக்கியது. குழலை அடைத்து, பாகங்களை உருக்கி ஒட்டிவிட வேண்டும். அவ்வாறு ஒட்டிய துப்பாக்கியைக் கழற்ற இயலாது. கழற்ற இயலாதபோது உள்ளிருக்கும் இலக்கங்களையும் வாசிக்க இயலாது. ஏட்டின் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டார்களே எனச் சேகரிப்பாளர் வருந்துகின்றனர்.

அவ்வருத்தத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. றாடொம் தொழிலாளரின் கதையை உலகம் மறவாதிருப்பதற்கு, அவர்கள் கடத்திய விஸ் துப்பாக்கிகளைப் பேணியோரும் ஒரு காரணர். ஆனால், பதினாறு குழந்தைகளின் பெற்றோர் முன் அவ்வருத்தத்தை வைத்தால் அது மிகச் சிறியதாகிவிடுகிறது. ஏடொன்று ஒட்டிக் கிடந்தாற் கற்பார்க்கு நட்டம். அது திறந்து கிடந்து யாரோ ஒரு கையிற் சேர்ந்தால், நட்டம் அளவிடற்கரியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது. நல்ல சேகரிப்பாளர் இதனை அறிவர். துப்பாக்கியைக் கையிலெடுத்தவுடன், எத்தனை முறை எடுத்ததாயினும், முதலில் ரவையறையைத் திறந்து வெறுமையாயிருப்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே அடுத்த காரியம் செய்வர். எவர் பக்கமும் அதன் வாயைத் திருப்பார். அந்தப் பழக்கம் ஒரு பணிவு. கையிலிருப்பது ஏடு மட்டுமன்று என்னும் நினைவு அதில் இருக்கிறது.

வியன்னாவிலுள்ள அந்த நூதனசாலையில், இளவரசரின் மோட்டார் வண்டியும் இரத்தக் கறை படிந்த சீருடையும் வைக்கப்பட்டிருக்கும் இடத்திலே, அச்சிறு பெல்ஜியத் துப்பாக்கியும் காட்சிக்கு இருக்கிறது. சாதாரண சரக்கு, அழகென்று சொல்லவும் அதிகம் இல்லை. அதனைக் காணச் செல்லும் ஆசிரியர் தம் மாணாக்கர்க்கு அவ்விலக்கத்தைக் காட்டட்டும். காட்டிவிட்டு, அருகே நிற்கும் சீருடையையும் காட்டாது அவர்களை அப்பால் அழைத்துச் செல்லாதிருக்கட்டும்.